அழித்த வட்டங்கள்

எனக்குக் கை சும்மா இருக்காது. பிறர் சட்டையில் நூல் தொங்கினால் பிடுங்கிவிடுவேன். பக்கத்து வீட்டுக் கதவில் காலண்டர் சாய்ந்திருந்தால் நிமிர்த்திவிட்டுத்தான் மணியடிப்பேன். என் அம்மா இதைக் கெட்டிக்காரத்தனம் என்பார், என் கணவர் வியாதி என்பார். பஸ் டிப்போ டிரைவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, பெயர் மட்டும் வைத்தார்கள். ரப்பர் மேடம். ஆறு மாதம் நான் கையில் ரப்பரோடுதான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயரைக் கேட்டாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது.

நான் பல் மருத்துவக் கல்லூரியில் உதவியாளர். பதின்மூன்று வருடம் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். போன வருடம் எங்கள் டாக்டரம்மா ஒரு வேலையை ஆரம்பித்தார். ஈறு நோய் சத்தமில்லாமல் வருகிறது, வலிக்காது, பல் ஆடும்போதுதான் ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்க எங்களுக்கு ஆளும் இல்லை, நாற்காலியும் இல்லை. அதனால் எட்டுக் கேள்வி. பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, இடுக்கில் சாப்பாடு மாட்டுகிறதா, பல் முன்னைவிட நீளமாகத் தெரிகிறதா, வாய் நாற்றம் என்று யாராவது சொன்னார்களா என்று இப்படிப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு வட்டம். எது சரியோ அதைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். மெஷின் படிப்பதற்குப் பென்சில்தான் தோது.

டிப்போவின் ஓய்வறையில் நான் உட்கார்ந்து ஃபாரம் வாங்குவேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா அதே ஆளின் வாயை அளவுக் கம்பியால் பார்ப்பார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் கம்பி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. மூன்று வரை கவலையில்லை. நாலு என்றால் ஈறு விலகத் தொடங்கிவிட்டது. ஆறு, ஏழு என்றால் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பே கரைந்துகொண்டிருக்கிறது. ஆள் சொன்னதும் கம்பி சொன்னதும் ஒத்துப்போனால், இனிமேல் ஃபாரத்தைப் போனில் அனுப்பினால் போதும், நோய் இருக்கிறவர்களை மட்டும் கூப்பிட்டுக்கொள்ளலாம். அதற்காகத்தான் இத்தனை பாடு.

முதல் நாளே டாக்டரம்மா சொல்லிவிட்டார். "படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டலாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை நீங்க பேசக் கூடாது. அவங்க வாய், அவங்க பதில்."

நானும் நன்றாகத் தலையாட்டினேன்.

ஒரு கண்டக்டர் வந்தார். முன்பல் இடுக்கில் காற்று வந்து பேச்சோடு விசிலும் வரும் என்பதால் அவர் பெயரே விசில். ஈறு சிவந்து வீங்கியிருப்பது கதவருகிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மனிதர் எட்டுக்கும் 'இல்லை' போட்டு நீட்டினார்.

"அண்ணே, ரத்தம் வராதா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"வராதும்மா."

"பிரஷ் சிவப்பாகாதா?"

"அது ஆகும். எல்லாருக்கும் ஆகறதுதானே!"

ரப்பர். அழித்துவிட்டு ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஆடுற பல்லு இல்லைன்னு போட்டிருக்கீங்களே, இதோ இது?"

"இது ஆடலம்மா. லேசா அசையும், அவ்வளவுதான்."

மறுபடி ரப்பர். விசில் சிரித்துக்கொண்டே ஐந்து 'ஆம்' போட்டுவிட்டு உள்ளே போனார். தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா "ஆறு, ஏழு, ஆறு" என்று சொல்வது கேட்டது. பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்று எனக்குள் ஒரு துள்ளல். ஒவ்வொரு நாளும் அந்தத் துள்ளலுக்காகவே வேலைக்குப் போனேன் என்றால்கூடத் தப்பில்லை. பொய் எழுதுகிறோம் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாத உண்மையை அவர்கள் கையாலேயே எழுதவைக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

நாலு டிப்போ, நானூற்றுப் பன்னிரண்டு ஃபாரம். முடிவு வந்த அன்று டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நோய் உள்ள நூறு பேரில் தொண்ணூற்றொரு பேரை ஃபாரம் சரியாகப் பிடித்திருந்தது. நாலு 'ஆம்' அல்லது அதற்கு மேல் என்றால் 'வந்து காட்டுங்கள்'. அதற்குக் கீழே என்றால் போனில் பச்சை வட்டம், 'இப்போதைக்குப் பரிசோதனை தேவையில்லை'. முதலில் முந்நூறு டிரைவர்கள் இருக்கிற ஒரு லாரிக் கம்பெனிக்கு அனுப்பினோம். என் கணவர் வேலை பார்க்கிற கம்பெனி அது.

அதில் எனக்கு ஒரு சுயநலம் இருந்தது. மூன்று வருடமாக இவரை நாற்காலியில் உட்காரவைக்க நான் படாத பாடில்லை. இடது பக்கம் இரவல் பல் மாதிரி, வலது பக்கத்திலேயே மெல்வார். ஆப்பிளைக் கடிக்க மாட்டார், கத்தியால் சீவித்தான் தின்பார். பக்கத்தில் வந்து பேசினால் எனக்கு மூக்கு சொல்லிவிடும். கேட்டால் "வலிச்சா வர்றேன்" என்பார். பெண்டாட்டி சொன்னால் நச்சரிப்பு, கம்பெனி அனுப்பிய போன் சொன்னால் அறிவுரை. சரி, போனே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

ஐந்து நாள் ஓட்டம் முடிந்து சனிக்கிழமை மத்தியானம் வந்தார். சாவியை ஃபிரிட்ஜ் மேல் போட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பச்சை வட்டம்.

"பாத்துக்கோ. மூணு வருஷமா என் உயிர எடுத்தியே. இப்ப என்ன சொல்ற?"

"குடுங்க இப்படி." போனைப் பிடுங்கினேன். "என்ன பொய் எழுதினீங்க?"

"ஒரு பொய்யும் இல்ல. படிச்சுப் பாரு."

படித்தேன். ரத்தம் வருகிறதா? இல்லை. அது உண்மைதான். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஈறு கெட்டாலும் ரத்தம் அவ்வளவாக வராது. பல் ஆடுகிறதா? இல்லை.

"போன வருஷம் கீழ்ப்பல்லு ஒண்ணு ஆடிச்சே?"

"அது வண்டி ஓட்டறப்பவே கையோட வந்துடுச்சே. இப்ப இருக்கிற பல்லு ஆடுதான்னுதானே கேட்டிருக்கு? ஆடல."

வாய் நாற்றம் என்று யாராவது சொன்னார்களா? இல்லை. "நான் சொல்லலையா?" என்றேன். "நீ என்ன யாராவதா?" என்றார். சாப்பாடு மாட்டுகிறதா, ஆம். பல் நீளமாகத் தெரிகிறதா, ஆம். மொத்தம் இரண்டு.

சமையலறைக்குப் போய் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே இன்னொரு தடவை துடைத்தேன். எரிச்சல் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. இந்த மனிதர் டிப்போவில் என் எதிரே உட்கார்ந்திருந்தால் இரண்டே நிமிடத்தில் ஆறு 'ஆம்' வாங்கியிருப்பேன். யாராவது என்றால் பெண்டாட்டியும் சேர்த்திதான் என்று சொல்லியிருப்பேன். கழன்ற பல்லும் கணக்குத்தான் என்று சொல்லியிருப்பேன். ரப்பரை எடுத்திருப்பேன்.

துணி கையில் அப்படியே நின்றுவிட்டது.

விசிலுக்கு ஐந்து 'ஆம்' வந்தது நான் பக்கத்தில் இருந்ததால். நானூற்றுச் சொச்சம் பேருக்கும் அப்படியே. நோயாளி என்றால் ஐந்து ஆறு 'ஆம்' சொல்வான் என்று மெஷின் கற்றுக்கொண்டது என்னிடம். அதனால்தான் நாலு 'ஆம்' என்று எல்லைக் கோடு போட்டார்கள். நான் பக்கத்தில் இல்லாமல், லாரியில் தனியாக உட்கார்ந்து, உண்மையை மட்டும் சொல்கிற ஒரு நோயாளிக்கு இரண்டுதான் வரும். அவனைப் பார்த்துப் போன் பச்சை காட்டும்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணியை மடித்தேன், கலைத்து மறுபடி மடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தேன்.

"எதுக்கும் ஒரு தடவை வந்து காட்டிடுங்களேன்."

"உங்க ஃபாரத்த நீங்களே நம்ப மாட்டீங்களா? டாக்டர் படிச்சவங்க போட்டது. நீ அவங்களவிடப் பெரிய ஆளா?"

மூன்று வருடமாக நான் அசைக்க முடியாத மனிதருக்கு நானே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு வழியில்லை. சொல்லிவிட்டேன். ரப்பர், விசில், தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்ட ஆறு ஏழு, என் துள்ளல், எல்லாம். சிரிப்பார் என்று நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க கம்பெனில எத்தன பேருக்குப் பச்ச வந்துச்சு?"

"இருநூத்தி முப்பத்தாறு."

"தம்பிக்கும் பச்சதான். அவன் ஆஃபீஸ் ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டுத் திரிஞ்சான்."

என் கொழுந்தனும் அங்கேதான் வண்டி ஓட்டுகிறார். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"நீங்க மட்டும் நாளைக்கு என்கூட வந்துடுங்க. டாக்டரம்மாகிட்ட நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்," என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் மட்டுமா? உன் புருஷன்னா உண்மை, மத்தவனுக்குன்னா பச்ச வட்டமா? நீ போய் அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லு. சொன்னாத்தான் நான் வருவேன்."

"சொன்னா என் வேலை என்னாகும்னு தெரியுமா?"

"தெரியும். அதுக்காக இத்தன பேரு பல்லு போகட்டுமா? நீயே சொல்லு."

திங்கட்கிழமை விடியும்போதே வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அரை மணி நேரம் முன்னாடியே கல்லூரிக்குப் போய் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். டாக்டரம்மா அறையில் மேஜை முழுக்கக் காகிதம். வியாழக்கிழமை ஐம்பது கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், அவர்களிடம் இந்த ஃபாரத்தைக் காட்டப்போகிறார்.

"வாங்க. நீங்க வாங்கின ஃபாரம் அத்தனையும் சுத்தம். அதுல ஒண்ணத்தான் முதல் பக்கத்துல போடப் போறேன்."

உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். பாதியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். முடித்ததும் அதைத் துடைத்து மறுபடி மாட்டினார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"முதல் நாள் நான் என்ன சொன்னேன்?"

"அவங்க வாய், அவங்க பதில்."

"ஆறு மாசம். நாலு டிப்போ. நம்ம ஃபாரம் எவ்வளவு சரின்னு பாக்கப் போனோம். நீங்க எவ்வளவு சரின்னு பாத்துட்டு வந்திருக்கோம்." குரல் உயரவில்லை. "நீங்க சரிதான். நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. உங்கள முந்நூறு போன்லயும் போட்டு அனுப்ப முடியுமா?"

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் அவர் ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டியிருக்குமே என்று அடக்கிக்கொண்டேன். அவர் மேஜை மேல் இருந்த ஃபாரக் கட்டைத் தூக்கிக் குப்பைக் கூடை பக்கமாக நகர்த்தினார். அதைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் ஒரு ஃபாரத்தை எடுத்தது. சொன்னேனே, சும்மா இருக்காது. ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன்.

டிரைவர்கள் அழுத்தி எழுதுகிறவர்கள். கறுப்பைத்தான் ரப்பர் எடுத்திருந்தது. பென்சில் முனை காகிதத்தில் போட்ட பள்ளம் அப்படியே இருந்தது. 'இல்லை' வட்டத்தில் முதலில் சுற்றிச் சுற்றித் தேய்த்த தடம், மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல்.

"டாக்டரம்மா, இங்க வாங்களேன். அவங்க முதல்ல சொன்னது இதுலயே இருக்கு."

அவர் வந்து பார்த்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தார். நான் அடுத்த ஃபாரத்தை எடுத்துப் படிக்க வாயைத் திறந்தேன்.

"நீங்க படிக்க வேண்டாம்," என்றார். "காகிதத்த மட்டும் பிடிங்க. நான் படிக்கிறேன்."

மூன்று நாள் அப்படியே பிடித்தேன். வெயில் நகர நகர நாங்களும் ஜன்னல் ஜன்னலாக நகர்ந்தோம். முப்பத்தேழு ஃபாரத்தில் தடம்கூட இல்லை, அவ்வளவு அழுத்தித் தேய்த்திருக்கிறேன். அவற்றை விட்டுவிட்டோம். ஒவ்வொரு காகிதத்தையும் பிடிக்கும்போது அந்த வாய் எனக்கு ஞாபகம் வந்தது, சரியான விடை நாக்கு நுனியில் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை கூட்டத்தை டாக்டரம்மா தள்ளிவைத்தார். போனில் யாரோ கத்துவதும் இவர் "தப்பு எங்க பக்கம்தான்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் கேட்டது. எங்கள் பக்கம் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆட்கள் தாங்களாகச் சொன்னதை வைத்துப் பார்த்தால், நாலு என்ற கோட்டில் நோய் உள்ள நூறு பேரில் நாற்பத்தெட்டுப் பேர்தான் மாட்டினார்கள். பாதிக்கு மேல் தப்பிவிட்டார்கள். கோட்டை இரண்டுக்கு இறக்கினால் எண்பத்து மூன்று பேர். ஆனால் நோயில்லாதவர்களும் நிறையப் பேர் வந்து நிற்பார்கள்.

"வரட்டும்," என்றார் டாக்டரம்மா. "ஒண்ணுமில்லாம வந்தவனுக்கு ஒரு காலைப் பொழுதுதான் வீண். ஆனா இந்த எண்ணையும் நான் முழுசா நம்பல. இனிமே வர்ற ஒவ்வொருத்தரும் தனியா உக்காந்து எழுதட்டும். மறுபடி முதல்லேர்ந்து பாப்போம்." கழன்று விழுந்த பல் உண்டா, சிகரெட் உண்டா என்று இரண்டு கேள்வி புதிதாகச் சேர்த்தார். பச்சை வந்தவர்களில் நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு, முன்பு அனுப்பியது தவறு, வந்து காட்டுங்கள் என்று போன் போனது.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஃபாரம் வாங்கும் இடத்திலிருந்து எடுத்து, பழையபடி நாற்காலிப் பக்கம் நிற்கவைத்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் லாரிச் சட்டையோடு நேராகக் கல்லூரிக்கு வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். நாற்காலியில் சாய்ந்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்த விதத்தில்தான் தெரிந்தது, மூன்று வருடமாக இவர் 'வலிச்சா வர்றேன்' என்றது சோம்பேறித்தனம் இல்லை, பயம். இதைக்கூடக் கண்டுபிடிக்காமல் நான் என்ன மூக்கும் முழியும் வைத்துக்கொண்டிருந்தேன்!

டாக்டரம்மா என் கையில் அட்டையைக் கொடுத்தார். பென்சில் இல்லை, பேனா.

"சொல்றேன், எழுதுங்க. மூணு. நாலு. மூணு."

எழுதினேன்.

"அஞ்சு. ஆறு. ஏழு."

எழுதினேன். இவர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு."

பேனா நின்றுவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டு நான் துள்ளிய எண்கள்தான் இவை. ஒரு எட்டை ஆறு என்று எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? மற்றவர்கள் வாயில் நோயைக் கூட்டி எழுத ஓடிய கை, என் வீட்டு வாய் என்றதும் குறைத்து எழுதப் பார்த்தது.

"எட்டுன்னு சொன்னேன்," என்றார் டாக்டரம்மா, நிமிராமல்.

எட்டு என்று எழுதினேன். அடுத்ததும் எட்டு. அதையும் எழுதினேன்.

இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியாது, மற்றவற்றுக்கு வழி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தார். வழக்கமாக நான் அட்டையை மறைத்துக்கொண்டு 'ஒண்ணுமில்ல, சரியாயிடும்' என்பேன். அன்று திருப்பிக் காட்டினேன். இரண்டு எட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வெளிய தம்பி உக்காந்திருக்கான்," என்றார். "அவன வரச் சொல்லு."

வெளியே பெஞ்சு முழுக்க லாரிக்காரர்கள். கொழுந்தன் ஒரு மூலையில் ஃபாரத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணி, நல்ல வேளை வந்தீங்க. இதுல ஆடுற பல்லுன்னு போட்டிருக்கே, லேசா அசையறதும் அதுல சேர்த்தியா?"

அவர் சிரித்தபோதே எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே, இடது பக்கம், இரண்டாவது.

"உங்க வாய் தம்பி. நீங்களே எழுதுங்க," என்றேன்.

அவர் யோசித்தார். நாக்கால் அந்தப் பல்லை ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். 'இல்லை' வட்டத்தை நன்றாக அழுத்திக் கறுப்பாக்கினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, அவர் எழுதி முடிக்கும்வரை நின்றேன்.